மூணு கத்தி, ஒரு காந்தம்

முதல் கத்தி லாரி வில்பட்டையை அடித்தது.
உச்சிப்புளிப் பட்டறையில் எடைபோட்டு வாங்கினேன்.
கரி கூடுதலான எஃகு என்றார் பட்டறைக்காரர்,
கூர் ஏறும், நிற்கும்,
ஆனா ஒரு ராத்திரி துடைக்காம வச்சுப் பாருங்க.
பார்த்திருக்கிறேன்.
கச்சான் அடித்த ஆனி மாதம்
விடிந்தபோது கன்னமெல்லாம் செம்புள்ளி.
எலுமிச்சை அறுத்தால் நீலம் பூக்கும்.
மாங்காய் கறுத்துப்போகும்.
கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய் தொட்டு
பேப்பரில் சுற்றி வைக்கணும்,
பச்சைப்பிள்ளை மாதிரி.
இல்லை, பச்சைப்பிள்ளை வளர்ந்துவிடும்.

இரண்டாவது
அட்டையோடு கடையில் தொங்கிய எவர்சில்வர்.
நூற்று நாற்பது ரூபாய், நீலப் பிளாஸ்டிக் பிடி.
உள்ளே குரோமியம் இருக்கிறதாம்.
பாம்பன் உப்பு அதன்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு
எழுந்து போய்விடும்.
ஆனால் மெத்து.
பத்துச் சீலாவுக்குள் வாய் மழுங்கி
அறுக்காமல் தடவும்.
கல்லில் நாலு இழுப்பு, கோபமில்லாமல் திரும்பி வரும்.

எனக்குப் பிடிபடாதது ஒன்று:
சோற்றுத் தட்டும் எவர்சில்வர்தானே?
பழைய ஸ்பீக்கரில் பிடுங்கிய காந்தம்
தட்டைத் தெரியாத ஆள் மாதிரிக் கடந்து போகிறது,
கத்தியைக் கண்டால் பாய்கிறது.
தட்டுல நிக்கல் சேர்ப்பாங்க மதினி, என்றான் ரெஜிஸ்,
அது நெளியும், சூடு காட்டினாலும் இறுகாது.
கத்திக்கு இறுகுற எஃகு வேணும்.
சரி என்று காந்தத்தை ஆணியில் மாட்டினேன்.

மூன்றாவது அவன் கொண்டுவந்தது.
கொழுந்தன். தோஹாவில் ஓட்டல் அடுக்களை.
அலகு முழுக்க
வற்று நேரத்தில் வடகடல்
மணலில் விட்டுப்போகும் வரிகள்.
ஜப்பான் எஃகு, கடினம் அறுபது.
அறுபது என்ன, கிலோவா?
சிரித்தான்.
கணவாயில் வைத்தேன்.
கத்தி போனது எனக்குத் தெரியவில்லை,
கணவாய்க்கும் தெரிந்திருக்காது.

ஒரு வியாழக்கிழமை.
பட்டணம்காத்தான் டீச்சர், மூன்று கிலோ பாறை,
பஸ் வருது, சீக்கிரம்.
கைக்குக் கிடைத்ததை எடுத்தேன்.
தலையைப் பிளந்தபோது
டிக்.
எலும்புச் சத்தமில்லை அது.
அலகைத் தடவினால்
நகம் நறுக்கிய அளவுக்கு ஒரு பிறை காணோம்.

எவர்சில்வர் என்றால் மடங்கியிருக்கும்.
லாரிப் பட்டை தலையை உடைத்திருக்கும்.
இதற்கு மடங்கத் தெரியாது,
இது தன்னையே உடைத்துக்கொண்டது.

பை கட்டியாகிவிட்டது. காசு நீட்டுகிறார்.
பஸ் ஆரன் அடிக்கிறது.
சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?
ஒரு பிள்ளையின் தொண்டைக்குத் தெரியும்.
டீச்சர், இந்தப் பஸ்ஸை விடுங்க.

காந்தத்தைப் பாலித்தீனில் சுற்றி
ரத்தத்தில் மேயவிட்டேன்.
செவுள், கண்குழி, குடல்,
புளியங்கட்டையின் வெட்டுத் தழும்பு ஒவ்வொன்றும்.
இல்லை.
பையைக் கவிழ்த்துத் துண்டு துண்டாக.
இல்லை.
திரும்பவும். ஈ மொய்க்கிறது. டீச்சர் பேசவில்லை.
கழுத்துத் துண்டில்
சதைக்குள்ளிருந்து எதுவோ நிமிர்ந்து
வந்து ஒட்டியது.

தட்டுச் செய்கிற எஃகாக இருந்தால் வந்திருக்காது
என்று கை நடுங்கும்போதே
உள்ளுக்குள் ஒருத்தி கணக்குச் சொன்னாள்.

அரைக்கிலோ நண்டு சும்மா கொடுத்தேன்.
வேண்டாமென்றார், பிறகு வாங்கிக்கொண்டார்.
அடுத்த வாரம் எதிர்க் கொட்டகையில் நின்று
எனக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

கத்தி எப்படி மதினி? கேட்கிறான் வாட்ஸப்பில்.
கணவாய்க்கு நல்லது, என்று அனுப்பினேன்.

காந்தம் ஆணியில். பிறை காந்தத்தில்.
இரண்டு மாதமாயிற்று இந்த உப்புக்காற்றில்,
இன்னும் மினுக்குகிறது.
பொறாமையில் முதல் கத்தி
பேப்பருக்குள்ளேயே சிவக்கிறதோ என்னவோ.
எண்ணெய்ச் சீசாவை எங்கே வைத்தேன்?