ஆறடி அரை அங்குலம்

வாங்கியவரை நான் பார்த்ததில்லை.
ஒரு தாளில் வந்து சேர்ந்தார்:
உயரம் ஆறடி அரை அங்குலம்,
எடை எண்பத்தெட்டு கிலோ,
இடக்கைப் பழக்கம்,
எலுமிச்சை வாசனை ஆகாது.

பாயான் லெப்பாஸ் கிடங்கில் அந்த உடம்பைத் தேடினேன்.
தச்சர் குள்ளம். வயரிங் பார்க்கும் ஹோ பெங் ஒல்லி.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வடமலையைச்
சுவரோடு நிறுத்திப் பென்சில் கோடு போட்டேன்.
ஆறடி. மேலே அரை அங்குலம் முடி.
"அப்ப இன்னிக்கு நான்தான் பாஸா மிஸ்?"
ஏழு மாதம் அவர்தான் பாஸ்.

பிளைவுட்டில் ஒரு விமானத்தின் நடுத்துண்டு.
மூக்கில்லை, வாலில்லை, இறக்கையில்லை,
என் பொறுப்பில் விட்ட எட்டரை மீட்டர் மட்டும்.
ஜன்னல்களை அறுத்துப் பின்னால் நீலத் தாள் ஒட்டினேன்.
அவ்வளவு உயரம், அவ்வளவு வேகம் என்றால்
ஜன்னல் சிறுத்துவிடும்.
வானத்துக்கு அத்தனை பக்கத்தில் போய்
ஒரு தட்டளவு வானம்.

எங்களுக்கு எல்லாப் பேச்சும் கிராமில்தான்.
தேக்கு வேண்டும் என்றார்கள்.
தேன்கூட்டுப் பலகைமேல் தாளாகச் சீவிய தேக்கு;
தட்டினால் காலி பிஸ்கட் டின் சத்தம்.
தட்டமாட்டார்கள்.
தோலைப் பன்னிரண்டு நொடி நெருப்பில் பிடித்தோம்.
மூன்று எரிந்தன. நான்காவது
சுருண்டு, கறுத்து, அணைந்து,
அடிவாங்கியும் அழாத பிள்ளைபோல் புகைந்தது.
அதைத் தேர்ந்தெடுத்தோம்.

வடமலை உட்கார்வார்.
"இங்க இடிக்குது" என்பார்.
நுரையில் நாலு மில்லிமீட்டர் சீவுவேன்.
"இப்ப?"
"இப்ப தூக்கம் வருது."
குவளைக் குழியைச் சோதிக்க
தே தாரேக்கை இடக்கையால் எடுக்கப் பழகினார்.
வீட்டிலும் கை அப்படியே போக, மனைவி முறைத்தாராம்.
மணிக்கு ஆயிரம் கிலோமீட்டரில்
அசையாமல் உட்கார்ந்திருந்தார்,
கூரைத் தகரத்தில் மழை காதை அடைக்க.

ஒருநாள் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
"இதை எங்க வைக்கிறது?" என்று கேட்டார்.

பதினான்கு முறை திருத்திய வரைபடம்.
மதுப்புட்டிக்கு உறை இருந்தது,
கைக்கடிகாரத்துக்கு மெத்தை இருந்தது.
அன்றிரவே இருக்கைக்கு அடியில் ஒரு பொந்து வரைந்தேன்.
முந்நூற்று நாற்பது கிராம்.
பதில் ஒரே வரியில் வந்தது:
அவர் காலணியைக் கழற்றுவதில்லை.

பிடிவாதமாக வைத்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான்.
அழித்துவிட்டேன்.
மிச்சமான எடையில் பணிப்பெண்ணின் மடக்கு இருக்கையை
ஒன்றரை அங்குலம் அகலமாக்கினேன்.
யாரும் கேட்காதது,
அதனால் யாரும் மறுக்கவும் இல்லை.

நிஜ விமானம் வேறெங்கோ கூடி, வேறெங்கோ பறந்தது.
படம் அனுப்பினார்கள். விளக்கு நான் சொன்னதைவிட மஞ்சள்.
பிளைவுட்டை வெள்ளிக்கிழமைக்குள் உடைத்து அள்ளவேண்டும்;
அதுவும் வடமலை வேலை.
வண்டியைக் கிளப்புமுன்
நாசி கண்டார் பொட்டலத்தோடு உள்ளே போய்,
தன் முதுகுக்கென்றே செதுக்கிய நாற்காலியில் சாய்ந்து
வலக்கையால் சாப்பிட்டார்.
குழம்பு சிந்தியது. பரவாயில்லை என்றேன்,
சொல்லிக்கொண்டே துடைத்தேன்.

மூன்றாம் ஜன்னலில் நீலத் தாள் பெயர்ந்து தொங்கியது.
அந்த வழியே ஷிஃப்ட் விட்டு வரும் மோட்டார் சைக்கிள்கள்,
ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிய பெண்கள்,
பாலம்வரைக்கும் சிவப்பு விளக்கு.

"எறங்கட்டா மிஸ்?" என்றார், விரலை நக்கிக்கொண்டு.
பூட்ஸ் நடைவழியில் கிடந்தது,
ஒன்று நிமிர்ந்தும்
ஒன்று கவிழ்ந்தும்.