பாக்கி இல்லை

பாரோ நகரம். கப்பல்துறைக்குப் பின்தெருவில்
அறை வாடகைக்கு விட்டவள் ஹன்னா போஸல்த்வெய்ட்.
அவள் கணக்கேடு
காப்பகத்து மேசையில், என் முன்னால்.

1899 நவம்பர்: "திரு. குவபாரா, கடற்படைப் பொறியாளர்.
வாரம் பதினெட்டு ஷில்லிங். மீன் தனி.
எல்லாவற்றையும் அளக்கிறார்.
மாடிப்படி, கதவு, நேற்று என் ரொட்டி."

பகலெல்லாம் எஃகுத் தகட்டைத் தட்டித் தட்டிக் கேட்பாராம்,
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி.
ஆணி ஒன்று பிசகினாலும்
பிடுங்கச் சொல்வாராம்.

1902. லண்டனில் இரண்டு பேரரசுகள் கைகுலுக்கின.
அடுத்த மாதம் ஏட்டில்:
"குவபாரா புறப்பட்டார். பாக்கி இல்லை.
விசிறி ஒன்று தந்தார். அடுப்புக்கு ஆகும்."

ரஷ்யக் கப்பல்கள் முழுகிய செய்தி வந்த இரவு
ஆணி அடித்த கைகளெல்லாம் தெருவில் குடித்தன.
"நம்ம கப்பல்டா!"
ஹன்னா எழுதியது: ஜன்னல் கண்ணாடி, நாலு பென்ஸ்.

1910. கொரியாவை விழுங்கிய வருடம்.
கூரை ஒழுகலுக்குத் தார், இரண்டு ஷில்லிங்.
அவ்வளவுதான்.

பிறகு வெற்றுத் தாள்கள்.
அப்புறம் வேறொரு கையெழுத்து, 1942:
"சிங்கப்பூர். வில்ஃப்ரெடிடமிருந்து கடிதம் இல்லை."
அதே வரி மறுமாதமும்.
அதற்கடுத்த மாதம் வெறும் "இல்லை."

என் அம்மாவின் தாய்மாமன் சடையன்
பேராக் தோட்டத்திலிருந்து சயாமுக்குத் தண்டவாளம் போடப் போனவர்.
லாரியில் ஏற்றும்போது தலை எண்ணினார்களாம்.
இறக்கும்போது எண்ணவில்லை.

கடைசிப் பக்கத்தில் இடம் இருக்கிறது.
பெயரை எழுதிவிடலாம்,
எதிரே என்ன தொகை போடுவது?

மணி நாலே முக்கால். காப்பகத்துப் பெண் வந்து
மெதுவாக நினைவூட்டுகிறாள்,
இங்கே பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி,
அதுவும் சொந்தத் தாளில்.