சோதனைச் சன்னல்

ஜன்பத் சாலையில், அருங்காட்சியகத்தின் முதுகுப்புறம்
எங்கள் கூடம். ஜனவரி.
ஹீட்டர் போடக்கூடாது, தாள் சுருங்கிவிடும்.
ஆகவே நாங்கள் சுருங்குகிறோம்.

மேசையில் ஒரு போர் கிடக்கிறது.
ஒரு முழ நீளம், ஒரு சாண் அகலம்,
அதற்குள் இருநூற்றுச் சொச்சம் பேர்.
சிட்டை சொல்கிறது:
இடப்பக்க யானைமேல் மூத்தவர்,
வலப்பக்கம் இளையவர்.
ஒரே தகப்பன், ஒரே அரியணை.
பச்சைக் கொடி வென்றது.
பங்காளிச் சண்டை என்று
அதில் யாரும் எழுதவில்லை.

பூதக்கண்ணாடியை இறக்கினால்
வெள்ளைக் குதிரைகள் எல்லாம் கறுத்திருக்கின்றன.
ஈயவெள்ளை இந்த ஊர்க் காற்றை
நூறு வருஷம் குடித்தால் அப்படித்தான்.
இளையவரின் தாடையை வெள்ளிப்பூச்சி தின்றிருக்கிறது.
வாளுக்குத் தப்பி வரையப்பட்டவர்
பசை ருசித்த பூச்சிக்குத் தப்பவில்லை.

தாடை வைக்க அளவு வேண்டுமே.
மூத்தவரின் முகத்தை மெல்லிய தாளில் பிரதியெடுத்து
புரட்டி
இளையவர்மேல் வைத்தேன்.
மூக்கின்மேல் மூக்கு.
கண்ணோரத்தின்மேல் கண்ணோரம்.
மயிரிழை பிசகவில்லை.
ஒரே அச்சுத்தோல்தான். ஊசித்துளை வழியே கரித்தூள்,
ஒரு தடவை நேராக, ஒரு தடவை திருப்பி.
முகமூடிக்குள் சிரித்துக்கொண்டேன்.

படத்தின் முதுகில் மங்கலாக நாலு வரி.
இஷ்ரத் விளக்கைச் சாய்த்துப் பிடித்து
பாரசீகத்தை எழுத்துக்கூட்டினாள்.
ஏதோ பிரார்த்தனை என்று எதிர்பார்த்தோம்,
கூலிக் கணக்கு:
யானைகளுக்கு நாற்பது நாள்.
குதிரைகளுக்கு இருபத்தாறு.
விழுந்து கிடப்பவர்களுக்குப் பதினொன்று.
இளவரசர்களுக்கு இரண்டு.

அப்போதுதான் விழுந்து கிடப்பவர்களைப் பார்த்தேன்.
கீழ் ஓரத்தில், விரற்கடை உயரத்தில்.
ஒருவனுக்கு அம்மைத் தழும்பு.
ஒருவன் வாய் திறந்திருக்கிறது, முன்பல் ஒன்று இல்லை.
ஒருவன் தன் செருப்பைத் தேடுவதுபோல் கை நீட்டியிருக்கிறான்,
செருப்பு அடுத்தவன் தலைக்குக் கீழே.
அச்சுத்தோலில் வந்தவர்கள் அல்ல இவர்கள்.
எங்கோ பார்த்து,
பார்த்ததை மறக்க முடியாமல் வரைந்திருக்கிறான்.

மேசையோரம் கைப்பேசி அதிர்கிறது. திரையில் 'அண்ணன்'.
கையுறை போட்டிருக்கிறேன்.
அதிர்ந்து அதிர்ந்து அது
ஈரப்பஞ்சுக் கிண்ணம் வரை நகர்ந்து நின்றது.

பச்சைதான் உறுத்தியது.
மற்ற நிறமெல்லாம் தாளுக்குள் ஊறியிருக்க
கொடியின் பச்சை மட்டும் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது,
அழையாமல் வந்தவர் முன்வரிசையில் அமர்ந்ததுபோல.
மூங்கில் குச்சியில் பஞ்சு சுற்றி,
கரைப்பான் தொட்டு, உதறி,
ஒரு துவரம்பருப்பு அளவுக்குத் திறந்தேன்.
சிவப்பு.
எதிர்க்கொடியின் அதே சிவப்பு,
அதே தூரிகையின் அதே வாட்டம்.

யாரோ பிற்பாடு வந்திருக்கிறார்கள்.
யார் எந்தப் பக்கம் என்று தெரியாத சண்டையைச்
சுவரில் மாட்ட முடியாமல்
பாதிப் பேரைப் பச்சையாக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

குழு கூடியது. தேநீர், இரண்டு பிஸ்கட்.
நிகம் அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்:
"எடுத்துவிட்டால் வருகிறவர்களுக்கு
என்னவென்று விளக்குவது?
பச்சை இருக்கட்டும்."
கையெழுத்துகள்.
என்னுடையது ஐந்தாவது.

தாடையை மட்டும் வைத்தேன். கோதுமைப் பசை,
ஜப்பான் தாள், ஒற்றை மயிர்த் தூரிகை.
அண்ணனின் தாடை தம்பிக்குப் பொருந்திற்று.

இப்போது இரண்டாம் மாடியில் தொங்குகிறது,
கண்ணாடிக்குப் பின்னால்.
பள்ளிப் பிள்ளைகள் எந்தக் கொடி ஜெயித்தது என்று
நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள்.
கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றால் தெரியும்,
பச்சைக்குள் ஒரு பருப்பளவு.
அதை நான் மூடவில்லை.
மூடச் சொல்லிக் குறிப்பில் இல்லை.

அவ்வளவு கிட்டத்தில் போனால்
காவலர் விசில் ஊதுவார்.
போன வாரம் எனக்கே ஊதினார்.