பாக்கி

ஞாயிறு எனக்கு வீக் ஆஃப்.
கல்மண்டபம் தாண்டி, புடவைக் கடைகளுக்கு மேலே
மாடியில் ஒரு கல்யாண மண்டபம்.
நேற்றைய வரவேற்பு வளைவைக் கழற்றாமல்
அதற்குக் கீழேயே துணி பேனர்:
நாணயக் கண்காட்சி, அனுமதி இலவசம்.

முன்வரிசையில் கண்ணாடிக்குள் தங்கப் பணங்கள்.
பூதக்கண்ணாடி வைத்தவர்கள்
ஆஸ்பத்திரியில் பேசுவதுபோலப் பேசுகிறார்கள்.
எனக்கு ஆன இடம் கடைசி மேஜை,
கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில்.
இட்லித் தட்டு மாதிரிக் குழித்தட்டில்
குவித்து வைத்திருக்கிறார் கரூர் சென்னியப்பன்.
எதை எடுத்தாலும் அறுபது.

"அமராவதி மணல்ல சலிச்சதுங்க பாதி.
தலை இருந்தா ரோமானியன். மீன் இருந்தா பாண்டியன்.
இது பழவேற்காட்டு டச்சுக்காரனோடது.
துட்டு துட்டுங்கறமே, அது இவன் காசு பேருங்க."
மீதிக்கு அவரிடமும் பேர் இல்லை.

நான் கண்ணால் பார்க்கவில்லை.
பத்தொன்பது வருஷம்
கூட்டத்துக்குள் ஒரு தோளை மட்டும் நுழைத்து
தோல்பைக்குள் துழாவிப் பழகிய விரல்.
ஒண்ணா ரெண்டா அஞ்சா, விளிம்பே சொல்லிவிடும்.
அந்தப் பையும் இப்போது இளைத்துப்போனது.
பெண்களுக்கு இலவசச் சீட்டு,
ஆண்கள் போனை நீட்டுகிறார்கள்.

விரல் ஒன்றில் நின்றது.
செம்பு. ஒரு பக்கம் நிற்கிறான்,
மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறான்,
இரண்டிலும் முகம் இல்லை.
கைக்குக் கீழே நாகரி எழுத்து, அதுவும் பாதி.
"ராஜராஜன். தேஞ்சு போச்சுங்க, வேற தரட்டுங்களா?"
வேண்டாம் என்றேன்.
முகம் முழுசாக இருக்கிற காசு
யாரோ பானையில் புதைத்துவிட்டு மேலே உட்கார்ந்த காசு.
இது டூட்டி பார்த்திருக்கிறது.

பத்து ரூபாய் நாணயம் ஆறு எடுத்து வைத்தேன்.
பார்த்தார். தொடவில்லை.
"நோட்டா குடுங்க. இது எங்கூர்ல செல்லாதுங்க."

ஆயிரம் வருஷமாகச் செல்லாததை
அறுபதுக்கு விற்கிறவர் சொல்கிறார்.
"செல்லும்னு சர்க்காரே சொல்லியிருக்கு."
வண்டியில் தினம் இருபது தடவை சொல்வதுதான்.
"சர்க்கார் சொல்லுதுங்க,
எங்கூர் டீக்கடைக்காரன் சொல்லோணுமே."

கீழே இறங்கினேன்.
ஐஸ் உருகி ஓடும் சங்கரா கூடைக்குப் பின்னால் ரெஜினா.
லக்கேஜ் டிக்கெட்டுக்கு என்னோடு
வாரம் ரெண்டு நாள் சண்டை போடுகிறவள்.
"இன்னா கண்டக்டரே, நீயே சில்ற மாத்த வந்துக்குற?"
சிரித்து முடிக்கவே நேரமானது.
ஆறையும் எண்ணாமல் கோணிக்கடியில் தள்ளிவிட்டு
ஒரு ஐம்பது, ஒரு பத்து, செதிலோடு.
"எதுக்கு?"
"காசு வாங்க."
"காசு குட்து காசா?"
மேலும் கீழும் பார்த்தாள்.
எனக்கும் தெரியவில்லை, ரெஜினா.

மறுபடி ஏறிப்போனால்
ஒரு காலேஜ் பையன் கையில் அது.
திருப்பிப் பார்த்தான், போட்டுவிட்டான்.
சென்னியப்பன் நோட்டை முகர்ந்தார்,
மடித்துக்கொண்டார்.

திங்கள். மின்ட்டில் எடுத்த முதல் சிங்கிள்.
வெள்ளைக்காரன் காசு அடித்த இடத்தின் பேர்,
நாங்கள் டீ குடிக்கிற இடம்.
டூட்டி ஷீட்டில் சொந்தப் பணம்: நூற்று இருபது.
சட்டைப்பையில் இருப்பதை எழுதவில்லை.
செக்கர் ஏறினால் எந்தக் கணக்கில் காட்டுவது?

காசிமேட்டில் ஏறிய ஒரு பெரியவருக்கு
ஒரு ரூபாய் பாக்கி.
"இறங்கும்போது வாங்கிக்கோங்க."
வாய் தானாகச் சொன்னது.
டிக்கெட் பின்னால் எழுதியும் கொடுத்தேன்.
தேரடியில் கூட்டம் தள்ள,
குடையைத் தேடிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

படிக்கட்டில் நின்று
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்.
இதுவும் யாருக்கோ கொடுக்க வேண்டியதுதான்.
எந்த ஸ்டாப்பிங்கில் இறங்கினாரோ.

கோதண்டம் கண்ணாடியில் முறைக்கிறார்.
விசில் அடித்தேன்.