ஐந்து வினாடி

போர்வோ. ஜனவரி. காலை எட்டு, இன்னும் இருட்டு.
குளிர்தொட்டியிலிருந்து குழாயை எடுத்து
ஹில்க்கா சாய்க்கிறாள்.
மைனஸ் நாற்பத்தெட்டு: அசைகிறது.
ஐம்பத்தொன்று: அசைகிறது,
கொஞ்சம் யோசித்துவிட்டு.

அமிலமும் ஆல்கஹாலும்
எட்டு மணி நேரம் கொதித்துக் கைகோத்த எண்ணெய்.
கோத்தபோது பிறந்த நீரை
ஆவியாக்கித் துரத்தியாயிற்று.
அது திரும்பி வராமல் பார்த்துக்கொள்வதே
இங்கே பாதிப் பிழைப்பு.

வாசலில் லாரி உறுமுகிறது.
மூன்றாவது காபியோடு டிரைவர் வைனோ
கண்ணாடிக் கதவைத் தட்டுகிறான்:
"ஆச்சா?"

ஐம்பத்து நான்கு.
படுக்கை வாட்டில் பிடித்து எண்ணுகிறாள்.
ஒன்று. இரண்டு.
இதே குளிரில் எங்கோ ஓர் எஞ்சின்
முதல் சுற்றுக்குக் காத்திருக்கும்.
நான்கு.
விளிம்பு நகர்ந்ததா,
அவள் கைதான் நடுங்கியதா?
ஐந்து.

ராத்திரி ஷிப்டில் யாரோ
நீளச் சங்கிலி அமிலத்தை
ஒரு வாளி கூட ஊற்றியிருக்க வேண்டும்.
கேட்டால் யாரும் ஊற்றியிருக்க மாட்டார்கள்.

ஐம்பத்தொன்று என்று எழுதிக்
கையெழுத்துப் போடுகிறாள்.
வைனோ எதுவும் சொல்லவில்லை,
கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு
வெறும் லாரியைத் திருப்புகிறான்.

மேசைமேல் விட்ட குழாய்
அறைச் சூட்டில் இளகி,
சாய்த்ததும் ஓடுகிறது
ஒரு பாவமும் அறியாததுபோல.