பதினேழும் ஒன்றும்

"பற்பசை" என்றாள்.
"பழைய பிரஷ்தான். மெதுவாகத்தான் தேய்த்தேன்."

வின்னமக்காவில் அன்று மணல்காற்று.
கடைக்குப் பின்னால் சரக்கு ரயில் ஒன்று
முடிகிற எண்ணமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.
கறுப்பு வெல்வெட்டில்
பதினேழு இரட்டைக் கழுகுகள்,
ஒவ்வொன்றும் இருபது டாலர் பொன்,
கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி
குளித்துத் தலைவாரி உட்கார்ந்திருந்தன.

லென்ஸை வைத்தேன்.
வாரியதுதான்.
சுதந்திர தேவியின் கன்னம் முழுக்க நுண்கீறல்,
சீப்பு போன வழி.

அவள் கணவன் பெட்டிரியை முப்பது வருடம் தெரியும்.
காசைப் பார்த்துப் பேச மாட்டான்,
எச்சில் திவலை பட்டுவிடும் என்று
முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவான்.
கழுகின் வாலடியில் இரண்டு குட்டி 'சி',
கார்சன் சிட்டி நாணயச்சாலையின் அடையாளம்.
அதற்காக சாக்ரமெண்டோ வரை ஓட்டுவான்,
டயர் மாற்றக் காசில்லாத வருடத்திலும்.

எடை குறையவில்லை, கிராசியானா.
மாற்றும் குறையவில்லை.
போனது தோல்.
சாய்த்தால் சக்கரமாய்ச் சுழன்று வரும் ஒளி,
அச்சு இறங்கிய நொடியில் உலோகம் ஓடிய தடம்,
நூறு வருடத்துக்கு மேல் எத்தனையோ கைகள் விட்டுவைத்தது,
ஒரு ஞாயிற்றுக்கிழமை
சமையலறைத் தொட்டியில் இறங்கிப் போயிற்று.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
விலையைச் சொன்னேன்.

"பாதியா?"
"பாதிக்கும் கீழே. உருக்கினால் வருவதற்குக் கொஞ்சம் மேலே."

அவள் அழவில்லை.
"அவரைக் கொண்டுபோன பிறகு எல்லாவற்றையும் கழுவினேன்.
திரைச்சீலை, குளிர்பெட்டி, அவர் பூட்ஸ்.
கை நிற்கவில்லை."

பிறகு கைப்பைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டை.
அதற்குள் பதினெட்டாவது.
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்திரண்டு, கார்சன் சிட்டி.
கழுவாதது.

சாய்த்தேன். ஒளி ஒரு சுற்று வந்தது.
வந்து கன்னத்தில் தடுக்கியது:
செம்பு நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.
சின்னது.

பெட்டிரி இதை ஒருநாளும் காட்டியதில்லை, சொல்லியிருக்கிறான்.
பாஸ்க் மலையை விட்டு வந்து
நெவாடாவில் ஆடு மேய்த்த அப்பன்
காகிதத்தை நம்பாமல் பொன்னாய்க் கேட்டு வாங்கிய கூலி.
தங்கத்தை ஒப்படை என்று அரசு கேட்ட வருடம்
கொட்டில் தரைக்குள் போயிற்று.
ஒன்பது வயதில் தோண்டிப் பார்த்தவன்
விரலெல்லாம் ஆட்டுரோமப் பிசுக்கு.
"பொன் மறந்துவிடும்" என்பான்,
"அதில் பத்தில் ஒரு பங்கு செம்பு இருக்கிறதே, அது மறக்காது."

தொழில் வாய், சும்மா இருக்கவில்லை.
"அசிட்டோனில் ஒரு முக்கு. போனாலும் போய்விடும்" என்றேன்.

பற்பசையைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.

கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.
விளிம்பில் அல்ல.
தட்டையாக, முகத்தின்மேலேயே,
கட்டைவிரலைச் சரியாக அங்கே வைத்து அழுத்தி.
பெரிய விரல். ரேகை முழுதும் மறைந்தது.

விளிம்பு, விளிம்பு என்று
இந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று
எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறேன்.
வாயைத் திறக்கவில்லை.

பதினேழுக்கும் ரசீது போட்டேன்.
குறிப்பு என்கிற கட்டத்தில்
'கழுவப்பட்டவை' என்று எழுதியாக வேண்டும்.
எழுதினேன்.
ரயில் எப்போது முடிந்தது, கவனிக்கவில்லை.
வெல்வெட்டில் புதினா வாசம்
வியாழக்கிழமை வரை இருந்தது.