நாள் பத்தொன்பது

தர்ஸ்டன் வீதி ஆய்வுகூடத்தில்
ஈரமானி எண்பத்திமூன்று காட்டுகிறது.
இஷங்க குளிரூட்டியைக் கூட்டுகிறான்.
எண்பத்திரண்டு.
சிரிக்கிறோம்.

கையுறைப் பெட்டிக்குள் நைதரசன்.
நைதரசனுக்குள் என் இரண்டு கைகள்.
முழங்கைக்குக் கீழே நான் கொழும்பில் இல்லை.

சுழலும் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு.
பதினோராம் செக்கனில் இரண்டாவது சொட்டு விழவேண்டும்.
பன்னிரண்டில் விட்டால்
படலம் முழுக்க அம்மைத் தழும்பு.
சூட்டுத்தட்டில் வைத்ததும்
மஞ்சள் கபிலமாகி, கபிலம் கறுத்து
என் மூக்குக்கண்ணாடி அதில் தெரியும்.
சிலிக்கன் உருக ஆயிரத்து நானூறு பாகை கேட்கும்.
இதற்குத் தேத்தண்ணி கொதிக்கிற சூடு போதும்.

போன செவ்வாய் இருபத்தொரு வீதம் தந்தது.
ரிஸ்மியா மானியை அணைத்து, திரும்பப் போட்டாள்.
இருபத்தொன்றுதான்.
கன்டீனில் மூன்று பேருக்கும் என் கணக்கில் பற்றிஸ்.

கேட்கிறவர்களுக்கு அந்த எண்ணைச் சொல்கிறேன்.
எத்தனை நாள் என்று
நானாகச் சொல்வதில்லை.

வெள்ளவத்தையில், என் ஃபிளாட்டின் மேல்தட்டில்,
தண்ணீர்த் தாங்கிகளுக்கு நடுவே
ஆறு துண்டுகள் வெயில் காய்கின்றன.
கீழே ரயில் பாதை. அதற்கப்பால் கடல்,
யாரும் கேட்காமலே
உப்பை அனுப்பிக்கொண்டிருக்கிறது.
மூன்றாம் மாடி மிஸிஸ் அருள்நேசன்
உடுப்புக் காயப்போட வந்தவர்
"பிள்ளை, இது உடைஞ்சா நஞ்சோ?" என்றார்.
"ஈயம் இருக்கு, அன்ரி."
கொடியை இரண்டடி தள்ளிக் கட்டினார்.

சரியான கேள்வி.
வெள்ளீயம் போட்டும் பார்த்தோம்,
காற்றைக் கண்டதும் அது கெட்டுப்போனது.
ஈ என்றால் கொடு.
ஈயமும் கொடுக்கத்தான் செய்கிறது,
வெயிலுக்கு மின்னை.
மழைக்கு எதை என்று
துண்டுகளின் கீழே ஒரு தட்டு வைத்து
நீரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று ஐந்தாம் துண்டின் மூலையில் மஞ்சள்.
கலியாண வீட்டில் இந்த நிறத்தை
வாசலில் வைத்து வரவேற்பார்கள்.
இங்கே அது பசை விட்ட இடத்தால் நுழைந்து
நடுவை நோக்கி நடக்கிறது,
கறுப்பாக இருந்ததெல்லாம்
கடனாக வாங்கிய நிறம் என்பதுபோல.
மற்ற ஐந்தும் இன்னும் கறுப்பு.
ஏன் ஐந்தும் என்று தெரியவில்லை.
ஒரே கை, ஒரே பசை, ஒரே திங்கட்கிழமை.

துண்டைத் தூக்கிப் பிடிக்கிறேன்.
கறுப்பினூடு ஒன்றும் தெரியாது.
மஞ்சளினூடு கடல் தெரிகிறது,
ஒரு கப்பலும்.

அந்நேரம் பார்த்துக் கறண்ட் போகிறது.
லிஃப்டுக்குள் யாரோ மணி அடிக்கிறார்கள்.
வெயில் மட்டும் அப்படியே நிற்கிறது,
என் பிடரியில்.

கொப்பியில் எழுதுகிறேன்:
நாள் 19. ஈரப்பதன் 88.
மூலை: கடற்பக்கம்.

மணி இன்னும் நிற்கவில்லை.
படியால் இறங்குகிறேன், துண்டோடு.